வீட்டிலேயே பிபி, சுகர் கண்காணிப்பு: கருவி வாங்குவதிலிருந்து டாக்டரிடம் காட்டுவது வரை

அம்மாவுக்குப் புளூடூத் பிபி கருவி வாங்கிக் கொடுத்த மூன்றாவது மாதம் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். போனில் இருநூற்றுச் சொச்சம் அளவுகள், கலர் கலராக வரைபடம். பெருமையோடு நீட்டினேன். டாக்டர் பொறுமையாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா? வந்து உட்கார்ந்த உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. "சரி, இங்க ஒரு தடவை பாத்துடலாம்" என்று அவருடைய கருவியை எடுத்துக் கட்டினார். மூன்று மாதம் தவறாமல் அளந்ததெல்லாம் வீண்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். பிபி, சுகர், இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை), ஆஸ்துமா போன்ற நீண்ட கால நோய்களை வீட்டில் இருந்தபடி கண்காணிக்க நினைப்பவர்களுக்காக, அப்போது கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். கருவி எண்ணைத்தான் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்து யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். கீழே உள்ள படிகளில் பாதி அந்த முடிவைப் பற்றியவைதான்.

படி 1: வாங்கும் முன் டாக்டரிடம் நான்கு கேள்விகள்

இதயச் செயலிழப்பு உள்ளவர்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகளை இங்கே சொல்லியாக வேண்டும். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,653 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்துத் தங்கள் எடையையும் அறிகுறிகளையும் பதிய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மறுபடி மருத்துவமனையில் சேர்வதிலும் சரி, இறப்பிலும் சரி, மற்ற பிரிவினரோடு ஒப்பிட எந்தப் பலனும் தெரியவில்லை. கண்காணிப்புப் பிரிவில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேர் ஒரு முறைகூட அழைக்கவில்லை.

ஜெர்மனியில் 1,571 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வின் முடிவு வேறு மாதிரி வந்தது. அங்கே எடை, பிபி, ஆக்சிஜன் அளவு, ஈசிஜி எல்லாம் தினமும் ஒரு மையத்துக்குப் போயின. அந்த மையத்தில் இரவு பகலாக டாக்டர்களும் செவிலியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அளவு தவறினால் உடனே அழைத்துப் பேசினார்கள், மருந்தை மாற்றினார்கள். இறப்பு குறைந்தது, மருத்துவமனையில் கழிந்த நாட்களும் குறைந்தன. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே வேறுபாடுகள் பல உண்டு. ஆனாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது, எண் போய்ச் சேர்ந்த இடத்தில் செயல்பட ஆள் இருந்தார்கள் என்பதுதான்.

நம் வீட்டுக்கு அப்படி ஒரு மையம் கிடையாது. அதனால் டாக்டரிடம் இவற்றைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. இவருக்கு எதை அளக்க வேண்டும்?
2. ஒரு நாளைக்கு, அல்லது வாரத்துக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில்?
3. எந்த எண்ணுக்கு மேலே அல்லது கீழே போனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்? எந்த எண்ணுக்கு நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்?
4. சொல்வதென்றால் யாரிடம், எந்த எண்ணில்? ராத்திரியில்?

மூன்றாவது கேள்விக்கு இணையத்தில் பதில் தேடாதீர்கள். சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அதே 90 இன்னொருவருக்கு ஆபத்து. எல்லை ஆளுக்கு ஆள் மாறும்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுப்பது

*பிபி கருவி.* மேல் கையில் கட்டும் கைப்பட்டை உள்ள கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதை இதயத்தின் உயரத்தில் சரியாகப் பிடிக்க வேண்டும். அதை வயதானவர்கள் தினமும் ஒரே மாதிரி செய்வது கஷ்டம். கைப்பட்டையே இல்லாமல் பிபி சொல்லும் வாட்ச்சுகள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றை நான்கு வாரத்துக்கு ஒருமுறை கைப்பட்டைக் கருவியோடு சேர்த்து அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஆக, கைப்பட்டைக் கருவி எப்படியும் வேண்டும். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அந்த வாட்ச் எண்களை நம்பக் கூடாது என்பதே ஐரோப்பிய ரத்த அழுத்த நிபுணர்களின் கருத்து.

பெட்டியில் 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரப்படி மனிதர்களிடம் சோதித்துத் தேறிய மாடலா என்று பாருங்கள். ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் போதும். கம்பெனி பெயர் மட்டும் பார்த்தால் பயனில்லை. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் தேறியிருக்கும், இன்னொன்று சோதனைக்கே போயிருக்காது.

அதைவிட முக்கியம் கைப்பட்டையின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நூலைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் பெட்டியில் போட்டிருக்கும் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பிபி இல்லாதவருக்கும் பிபி காட்டும். அம்மாவின் கைக்கு கருவியோடு வந்த பட்டை பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. பெரிய பட்டையைத் தனியாக வாங்கி மாட்டியதும் மேல் எண் சட்டென்று இறங்கியது.

*சுகர் கருவி.* விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரம் இருக்கிறது. 2013-இல் திருத்தப்பட்ட அந்தத் தரத்தின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 அளவுகளாவது ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது ஆய்வகத்தில் 200 என்றால், வீட்டில் 170 வந்தாலும் 230 வந்தாலும் கருவி கெட்டுப்போகவில்லை. இது தெரியாமல்தான் பலர் அடுத்தடுத்து மூன்று விரலில் குத்திப் பார்த்து மனம் நொந்துபோகிறார்கள்.

தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு வகை. மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போய், செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கும். மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 10 முதல் 15 நாள் வரை ஒட்டியிருக்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை போனுக்கு அளவு அனுப்பும். ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அந்தத் திரவத்துக்கு வர ஐந்து, பத்து நிமிடம் பிந்தும் என்பதை நினைவில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சுகர் திடீரென்று இறங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கும் இந்த சென்சார் பெரிய உதவி. மாத்திரையிலேயே சுகர் சீராக இருப்பவருக்கு எப்போதாவது இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்தால், எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரியும். வருடம் முழுக்கத் தேவையா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

தோலைத் துளைக்காமலே சுகர் பார்ப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். அப்படித் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சென்சாரிலிருந்து வரும் எண்ணைத் திரையில் காட்டும் வாட்ச் வேறு, தானே அளப்பதாகச் சொல்லும் வாட்ச் வேறு. பொய் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

*பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.* சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் கருவி இது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த வழிமுறைதான் இன்றும் இதன் அடிப்படை. கருத்த தோல் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி 92 முதல் 96 வரை காட்டும்போதும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே ஒற்றை எண்ணைவிட, உங்கள் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது, ஆனால் கருவி 94 காட்டுகிறது என்றால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

*எடை மெஷின்.* இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டில் இதைவிட முக்கியமான கருவி கிடையாது. உடலில் நீர் கோத்துக்கொள்வது கால் வீங்கித் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது பொதுவான விதி. சில டாக்டர்கள் இன்னும் குறைந்த எல்லை வைப்பார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் உடல் கொழுப்பு, தசை எல்லாம் காட்டும் மெஷின்களில் ஏறக் கூடாது. அவை பாதம் வழியாகச் சின்ன மின்னோட்டத்தை அனுப்புகின்றன. எடை மட்டும் காட்டும் மெஷின் போதும்.

*ஈசிஜி வாட்ச்.* துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து வந்து போகும் தன்மை உள்ளது. டாக்டரிடம் போகும் நேரத்தில் காணாமல் போய்விடும். படபடப்பு வந்த அந்த நிமிடமே 30 வினாடி பதிவு எடுத்துக் காட்ட முடிவதில்தான் இந்த வாட்ச்சின் மதிப்பு இருக்கிறது. மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்சில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஆஸ்துமாவுக்கு, ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. உங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. இன்ஹேலரில் மாட்டிக்கொண்டு எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று எண்ணும் சென்சார்களும் உண்டு. மருந்தை மறந்து போகிறவர்களுக்கு உதவும்.

படி 3: எண் எந்த வழியாகப் போகிறது?

புளூடூத் கருவி பக்கத்தில் இருக்கும் போனுக்கு மட்டும் அனுப்பும். பல மாடல்களில் செயலியைத் திறந்து வைத்தால்தான் அளவு போய்ச் சேரும். வைஃபை கருவி வீட்டு ரூட்டர் வழியாகத் தானே அனுப்பிவிடும், ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றினால் சத்தமில்லாமல் நின்றுவிடும். உள்ளேயே சிம் வைத்த கருவிகளும் சில இடங்களில் கிடைக்கின்றன. ஸ்மார்ட்போன் பழகாத பெரியவர் தனியாக இருக்கிறார் என்றால் அதுதான் சிறந்தது. பொத்தானை அழுத்துவதோடு அவர் வேலை முடிந்தது.

வாங்கும் முன், செயலி உங்கள் போனின் பதிப்பில் ஓடுமா என்று பாருங்கள். அப்புறம், அளவுகளை பிடிஎஃப் ஆகவோ அட்டவணையாகவோ வெளியே எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கருவி வேண்டாம். இரண்டு மூன்று கம்பெனிக் கருவிகள் இருந்தால், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட், ஐபோனில் ஹெல்த் செயலி வழியாக ஒரே இடத்தில் சேர்க்கலாம்.

படி 4: முதல் நாள்

தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பது முதல் வேலை. பேட்டரி மாற்றும்போது சில கருவிகளில் நேரம் அழிந்துவிடும். அதைக் கவனிக்காமல் அளந்தால் எல்லா எண்ணும் தவறான தேதியில் போய் உட்காரும்.

பிறகு அளவை அலகு. சுகர் கருவி சில நாடுகளில் மில்லிமோல் கணக்கிலும், சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலும் காட்டும். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 5.5 என்பது ஏறக்குறைய 100. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கி அனுப்பும் கருவியில் இந்தக் குழப்பம் வர வாய்ப்பு அதிகம்.

ஒரே பிபி கருவியை இரண்டு பேர் பயன்படுத்தினால் ஒன்று, இரண்டு என்று ஆள் மாற்றும் பொத்தான் இருக்கும். அப்பா அளந்துவிட்டு மாற்றாமல் போய்விடுவார், அடுத்து அம்மா அளந்தது அப்பா கணக்கில் ஏறும். நாங்கள் கருவியின் பொத்தான் மேலேயே பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். பச்சை அம்மா, சிவப்பு அப்பா. அதோடு குழப்பம் தீர்ந்தது.

கடைசியாக, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கருவியைக் கையோடு எடுத்துப்போய், அங்கே உள்ள கருவியோடு அடுத்தடுத்து அளந்து பாருங்கள். வருடம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

படி 5: அளக்கும் முறை

பிபி அளப்பதில்தான் தவறு அதிகம், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். அம்மா முன்பு எப்படி அளந்தார் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுப்படியிலிருந்து வந்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், கால் தரையில் படாமல் தொங்கியது. ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றினார். கையை மடியில் போட்டுக்கொண்டு, காற்று ஏறும்போதே, "நீ சாப்ட்டியா?" என்று என்னிடம் கேட்டார். 158/92 வந்தது. முதுகு சாயும் நாற்காலியில் உட்கார வைத்து, கையை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி எடுத்தோம். 139/84. மாத்திரை எதுவும் மாறவில்லை.

கையின் இடம் மட்டுமே எவ்வளவு மாற்றும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-இல் அளந்து காட்டினார்கள். மேசையில் தாங்கி வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் எண்ணை ஏறக்குறைய 4 கூட்டியது, பக்கவாட்டில் தொங்கவிட்ட கை 6.5 கூட்டியது. இதற்கு மேல் பேச்சு, முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர், கால் மேல் கால் எல்லாம் சேர்ந்தால் ஒரு மாத்திரை கூடுதலாக எழுத வைக்கும் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும்.

எனவே முறை இதுதான். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். துணி இல்லாத வெறும் கையில், பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், குறைந்ததை மட்டும் வைக்காதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும், ஏழு நாள் இப்படி எடுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். டாக்டர் அறையில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டுச் சராசரிக்கு 135/85 என்று பல நாட்டு வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஏழு நாள் முடிந்ததும் தினமும் அளக்கத் தேவையில்லை. அடுத்து எப்போது என்பதை டாக்டர் சொல்வார்.

முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையிலேயே தொடருங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தநாள இணைப்பு) வைத்த கையிலும், மார்பக அறுவை சிகிச்சையில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையிலும் டாக்டரைக் கேட்காமல் பட்டை கட்டக் கூடாது. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கருவி தடுமாறும் என்பதால் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

சுகருக்கு: கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு ஒன்றே அளவை எங்கோ கொண்டுபோய்விடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவை விட்டு வெளியே வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும். சென்சார் ஒட்டிய முதல் நாள் எண் கொஞ்சம் முன்பின் இருக்கும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பாருங்கள்.

ஆக்ஸிமீட்டருக்கு விரல் சூடாக இருக்க வேண்டும், நகச்சாயமோ மருதாணியோ இல்லாத விரல் நல்லது. முதலில் வரும் எண்ணைப் பிடிக்காமல், அரை நிமிடமாவது நிலைக்கும்வரை காத்திருங்கள். எடைக்கு: காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், கெட்டியான தரையில்.

படி 6: எச்சரிக்கை ஒலிகளைக் குறையுங்கள்

புதிதாக சென்சார் ஒட்டிய வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அப்பாவுக்கு ஒட்டிய மூன்றாம் இரவு, இரண்டு மணிக்கு 'சுகர் 58' என்று போன் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார், சென்சார் இருந்த கை உடம்புக்கு அடியில். விரலில் குத்தினோம், 112. சென்சார் மேல் படுத்தால் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, அளவு பொய்யாக இறங்கும். அடுத்த முறை அவர் படுக்காத பக்கத்துக் கையில் ஒட்டினோம்.

ஆபத்தான எல்லைக்கு மட்டும் ஒலி வையுங்கள். சுகர் குறைவுக்கு வழக்கமாக 70, ஆபத்தான குறைவுக்கு 54-55 அளவில் நிறுத்த முடியாத ஒலி. உயர்வுக்கான எல்லையை 180-இல் வைத்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கத்தும். டாக்டரிடம் கேட்டு மேலே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததற்கெல்லாம் ஒலித்தால் ஒரு வாரத்தில் காது பழகிப்போய், உண்மையான ஆபத்து வரும் ராத்திரியும் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவோம்.

படி 7: கண்காணிக்கப்படுபவரோடு ஓர் ஒப்பந்தம்

இந்தப் படியை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அம்மாவின் எண்கள் என் போனுக்கும் வரும்படி வைத்திருந்தேன். 150 வந்தால் உடனே கூப்பிடுவேன்: "ஏம்மா, நேத்து தூங்கலையா? உப்பு குறைக்கச் சொன்னேனே." ஒரு நாள் எண் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கேட்டேன். "அது நல்லாத்தான் இருக்கு. அளந்தா நீ திட்டுற, அதான் அளக்கல" என்றார்.

அதன் பிறகு உட்கார்ந்து பேசினோம். எண் எனக்கு வரும், ஆனால் தாளில் எழுதிய எல்லையைத் தாண்டினால் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுவேன். மற்ற நாள் போன் செய்தால் வேறு விஷயம்தான். யார் எண்ணைப் பார்க்கலாம், யார் வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் அளப்பதை நிறுத்தவில்லை. உடம்பு அவருடையது, எண்ணும் அவருடையது. கேட்காமல் செயலியில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

படி 8: டாக்டரிடம் ஒரு பக்கம்

மருந்தைச் சரிசெய்வதற்கு வீட்டு அளவு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 1,182 பேர் பங்கேற்றார்கள். டாக்டர்கள் வீட்டு அளவை வைத்து மாத்திரையை மாற்றிய பிரிவினரின் பிபி, ஒரு வருடத்தில் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. தாளில் எழுதி அனுப்பியவர்களுக்கும், போன் வழியே அனுப்பியவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. போன் வழி அனுப்பியவர்களுக்குப் பலன் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. ஸ்மார்ட் கருவி வாங்க வசதியில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். சாதாரணக் கருவியும் நோட்டும் பேனாவும் இருந்தாலே இதில் பெரும்பங்கைச் செய்துவிடலாம்.

டாக்டருக்கு இருக்கும் சில நிமிடங்களில் இருநூறு எண்ணைப் பார்க்க முடியாது. பிபிக்கு ஏழு நாள் காலைச் சராசரி, மாலைச் சராசரி, மிக அதிகம், மிகக் குறைவு. சென்சார் என்றால் 70-க்கும் 180-க்கும் இடையே எத்தனை சதவீத நேரம் இருந்தது, 70-க்குக் கீழே எவ்வளவு நேரம். பெரும்பாலானவர்களுக்கு முதலாவது 70 சதவீதத்துக்கு மேலும், இரண்டாவது 4 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது 2019-இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த இலக்கு. வயதானவர்களுக்கு இலக்கு தளர்வாக இருக்கும். ஓரத்தில் கையால் எழுதுங்கள்: இந்த நாள் காய்ச்சல், இந்த நாள் மாத்திரை மறந்தது, இந்த நாளிலிருந்து புது மருந்து. எண் மட்டும் சொல்லாததை இந்தக் குறிப்புகள் சொல்லும்.

எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். நல்ல எண் வருவது மாத்திரை வேலை செய்வதால்தான்.

படி 9: கருவியைக் கீழே வைக்க வேண்டிய நேரங்கள்

நெஞ்சு வலி, திடீரென்று மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் விழுந்துபோவது, பேச்சு குழறுவது, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காத்திருந்து நேரத்தை இழக்கக் கூடாது.

பிபி 180/120-ஐத் தாண்டி, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே டாக்டரை அழையுங்கள். சுகர் 70-க்குக் கீழே, நினைவோடு இருக்கிறார் என்றால், வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் பிந்திக் காட்டும் என்பதால் அதைப் பார்த்து மேலும் மேலும் கொடுத்துவிடாதீர்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

படி 10: தரவும் பராமரிப்பும்

உடல்நலச் செயலியில் பதியும் தகவல் பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும். மருத்துவமனைக் கோப்புக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இதற்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பதிவு செய்யும்போது, விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் தகவல் பகிரலாமா என்று கேட்கும் கட்டங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள். பிபி செயலி தொடர்புப் பட்டியலையும் மைக்கையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை அளவுகளை வெளியே எடுத்துச் சேமியுங்கள். ஒரு செயலி புதுப்பிக்கப்பட்டபோது அப்பாவின் எட்டு மாத சுகர் அளவுகள் காணாமல் போயின, திரும்ப வரவே இல்லை. அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மூன்று வேலை நடக்கும். அளவுகளை பிடிஎஃப் ஆக எடுப்பது, பேட்டரியும் ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியும் பார்ப்பது, கைப்பட்டையின் ஒட்டுப் பட்டி தளர்ந்துவிட்டதா, காற்றுக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. காற்று கசியும் பட்டை தவறான எண் காட்டும், சில நேரம் எண்ணே காட்டாது. பட்டையை மட்டும் தனியாக மாற்றலாம், புதுக் கருவி தேவையில்லை.

பழைய கருவியை யாருக்காவது கொடுப்பதென்றால், நினைவகத்தை அழித்து, செயலியிலிருந்து அதன் இணைப்பை நீக்கிவிட்டுக் கொடுங்கள். அம்மாவின் முதல் கருவியை அத்தைக்குக் கொடுத்தபோது இதைச் செய்ய மறந்துவிட்டோம். அத்தைக்கும் கருவியை எனது போனிலேயே இணைத்திருந்ததால், இரண்டு நாள் அவருடைய பிபி அம்மாவின் வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.